ஒன்பதாம் படகில் மார்கழி

மே மாதம் ஏழாம் தேதி மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, சென்னைத் துறைமுகத்தில் கட்டியிருந்த ‘நீலவேணி’ என்ற உல்லாசக் கப்பலின் ஐந்தாம் தளத்தில், ஒன்பதாம் எண் கூடுமிடத்துக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டும், முன்பின் மாற்றி மாட்டிக்கொண்டும், மாட்டாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டும் வந்து சேர்ந்த பயணிகள் நூற்று நாற்பத்து நான்கு பேர். அவர்களை எண்ணியவர் மூன்றாம் அதிகாரி ஜெனோவா மச்சாது.

கத்திரி பிறந்து நான்காவது நாள். நிழலில் நாற்பத்தொரு டிகிரி. கைப்பிடிக் கம்பியைத் தொட்டவர்கள் தொட்ட கையை உதறினார்கள். கப்பல் புறப்படுமுன் பயணிகள் எல்லோரும் தங்கள் அறைக் கதவில் எழுதியிருக்கும் கூடுமிடத்துக்கு வந்து நிற்க வேண்டும், ஆபத்து வந்தால் எந்தப் படகு, எந்த வழி என்று தெரிந்துகொள்ள வேண்டும், கடைசி ஆள் வரும்வரை முதலில் வந்த ஆளும் போக முடியாது என்பது உலகத்துக் கப்பல்களுக்கெல்லாம் பொதுவான விதி. அதைச் சென்னையில், கத்திரியில், மதியத் தூக்கத்துக்கும் மாலைப் பலகாரத்துக்கும் நடுவில் நடத்துவது ஜெனோவாவின் வேலை. தூத்துக்குடிக்காரர், முப்பத்தொரு வயது, கடலில் எட்டு ஆண்டு. அந்த எட்டு ஆண்டில் அறுநூற்றுப் பதினொரு பயிற்சி நடத்தியிருந்தார். ஒரு தடவைகூடக் கப்பலைக் கைவிட்டு இறங்கியதில்லை. இந்தக் கணக்கு இப்படியே இருக்கும்வரை யார் தன்னைத் திட்டினாலும் பரவாயில்லை என்பது அவர் கட்சி.

“ஏம்மா, கப்பல் மூழ்கும்போது கூப்பிடு, ஓடி வந்துடறோம்,” என்றார் ஒருவர்.

“அப்ப கூப்பிட்டா வழி தெரியாது சார். முப்பது நிமிஷம்தான். அலாரம் அடிச்ச முப்பதாவது நிமிஷம் நீங்க எல்லாரும் தண்ணி மேல இருக்கணும், படகுக்குள்ள.”

“இங்க நின்னா அதுக்குள்ள நாங்களே தண்ணியா ஓடிடுவோம்.”

கூட்டம் சிரித்தது. ஜெனோவா சிரிக்கவில்லை. நீலவேணியில் ஒரு வழக்கம் இருந்தது: பயிற்சி முடியும்போது படகைத் தளத்தின் விளிம்புவரை இறக்கி, அதன் கதவைத் திறந்து, உள்ளே எப்படி உட்கார வேண்டும் என்று பயணிகளுக்குக் காட்டுவது. அவர் தலையசைத்ததும் படகுகளைப் பார்த்துக்கொள்ளும் போசன் சேசடிமை கொக்கியை விடுவித்துக் கதவை இழுத்தார். உள்ளிருந்து புகைபோல ஒன்று வெளியே வந்து, முன்வரிசையில் நின்றவர்களின் கால்களில் தவழ்ந்து, வெயில் பட்டதும் காணாமல் போனது.

முன்வரிசையில் நின்ற மங்கையர்க்கரசி என்ற பெண்மணி, அறுபத்தொரு வயது, விழுப்புரம், குனிந்து தலையை உள்ளே விட்டார். சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டுத் தலையை வெளியே எடுத்தார்.

“உள்ள மார்கழிங்க,” என்றார் கணவரிடம், பானையில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்வதுபோல.

ஜெனோவா உள்ளே ஏறிப் பார்த்தார். வெயில் சுட்டெரிக்கும் நாலரை மணிக்குப் படகுக்குள் விடியற்காலை ஐந்து மணியின் சாம்பல் வெளிச்சம் இருந்தது. பிளாஸ்டிக் இருக்கைகளின் மேல் பனி முத்து முத்தாக நின்றது. மூச்சு விட்டால் மூச்சு தெரிந்தது. எங்கோ இரண்டு தெரு தள்ளி ஒரு ஒலிபெருக்கி, பாட்டுப் போடுவதற்கு முன்பு கரகரக்குமே அந்தக் கரகரப்போடு, பாட்டைத் தொடங்காமலே நின்றுகொண்டிருந்தது. உயிர்காப்புப் படகில் ஏ.சி. கிடையாது. கசிவதற்கு வாயுக் குழாய் எதுவும் கிடையாது. அவர் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்தார். பத்தொன்பது.

“என்ன போசன் இது?”

“கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மாதிரி கெடக்கு மேடம்,” என்றார் சேசடிமை. “கொக்கி ரெண்டும் நல்லாருக்கு. எஞ்சின் ஒரே இழுப்புல ஓடுது. வேற ஒண்ணும் சொல்லுததுக்கு இல்ல.”

ஜெனோவா பதிவேட்டில் எழுதினார்: படகு எண் ஒன்பது, கொக்கிகள் சரி, எஞ்சின் சரி, உள்வெப்பம் பத்தொன்பது டிகிரி, மார்கழி. மாலையில் கையெழுத்துப் போட வந்த கேப்டன் கடைசிச் சொல்லை அடித்துவிட்டு, கப்பல் பதிவேட்டில் மாதங்களை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவே செய்தி பன்னிரண்டு தளங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. எட்டாம் தேதி காலையில் கப்பலின் இரண்டு குளிரூட்டும் இயந்திரங்களில் ஒன்று நின்றுபோய், அறைகளுக்குள் இருந்தவர்கள் கதவைத் திறந்து வைத்து விசிறிக்கொள்ளத் தொடங்கியபோது, ஆயிரத்து நூற்று எண்பது பயணிகளுக்கும் போக ஓர் இடம் தெரிந்திருந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டார்கள். வெளியூர் போகும்போது குரங்குக் குல்லாய் இல்லாமல் வீட்டைப் பூட்டாதவர்கள் பதினேழு பேர் இருந்தார்கள். கொளுத்தும் கோடையில் பெட்டியின் அடியில் அதைத் திணித்ததற்காக நேற்றுவரை பிள்ளைகளிடம் கேலி வாங்கிய அந்தப் பதினேழு பேரும் அன்று காலை குல்லாயைக் காதுவரை இழுத்து விட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்க, ஐந்தாம் தளத்தில் மெல்ல நடந்து போனார்கள்.

படகுக்குள் வந்த பருவம் எது என்பதில் முதலில் சிறு தகராறு இருந்தது. கோயம்புத்தூர்க்காரர்கள் இது தங்கள் ஊர் மார்கழி, சென்னை மார்கழிக்கு இவ்வளவு தெம்பு கிடையாது என்றார்கள். கீழக்கரையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, பெயர் எதுவானாலும் குளிர் குளிர்தான் என்று சொல்லிவிட்டு, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தது. திருமணத்துக்கு முந்திய பேச்சுவார்த்தைக்கென்றே ஒன்றாகப் பயணம் வந்திருந்த சிவகாசிக் குடும்பமும் இராஜபாளையத்துக் குடும்பமும் குளிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசி முடித்தன. தட்டு மாற்றும் நேரம் வந்தபோது பெண்ணின் தாய்மாமன் எழுந்து, மார்கழியில் எப்படி நல்ல காரியம் செய்வது என்று கேட்டார். இரு தரப்பும் யோசித்து, அது நியாயம் என்று ஒப்புக்கொண்டு, பட்டும் தட்டுமாகப் படகை விட்டு வெளியேறி, நாற்பத்தொரு டிகிரி சித்திரையில், சுடும் இரும்புத் தளத்தில் நின்று, வியர்வை சொட்டச் சொட்டத் தட்டு மாற்றிக்கொண்டு, உடனே திரும்பி உள்ளே வந்து உட்கார்ந்தன. அதன் பிறகு அந்தப் படகில் நடந்தது மார்கழிதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இடம் நூற்று நாற்பத்து நான்கு. ஆள் ஆயிரத்து நூற்று எண்பது. முதல் சண்டை எட்டாம் தேதி பத்து மணிக்கு வந்தது. கழிப்பறைக்குப் போய்விட்டு வந்த ஒருவர் தன் இடத்தில் இன்னொருவர் இருப்பதைப் பார்த்து, “துண்டு போட்டிருந்தேனே, கண்ணு தெரியலையா?” என்றார். உட்கார்ந்திருந்தவர் துண்டைத் தூக்கிக் காட்டி, “இது துண்டா, கைக்குட்டையா, நீயே சொல்லு,” என்றார். அது இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவாக இருந்தது. கை நீளுமுன் நடுவில் புகுந்தவர் மங்கையர்க்கரசியின் கணவர் தில்லைவனம்.

தில்லைவனம் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தாறு. ஜன்னல் வழியாக எறியப்பட்ட துண்டுக்கும், படிக்கட்டு வழியாக ஏறிப் போடப்பட்ட துண்டுக்கும், யாரிடமோ கொடுத்துப் போடச் சொன்ன துண்டுக்கும் உள்ள உரிமை வித்தியாசங்களைத் தீபாவளிக்கு முதல் நாள் இரவுகளில் ஆயிரக்கணக்கான வழக்குகளில் தீர்த்து வைத்தவர். அன்று நண்பகலுக்குள் அவர் செயலாளராக ஒரு கமிட்டி அமைந்தது. மூன்று மணிக்குள் விதிகள் அவருடைய முத்தான கையெழுத்தில் எழுதப்பட்டுப் படகின் கதவருகே ஒட்டப்பட்டன. துண்டு போட்டால் கழிப்பறைக்கு இருபது நிமிடம், சாப்பாட்டுக்கு நாற்பத்தைந்து நிமிடம். கைக்குட்டைக்கு அதில் பாதி. செய்தித்தாள் செல்லாது. செருப்பு ஜோடியாக இருந்தால் செல்லும். கண்ணாடிக் கூட்டை வைத்து இடம் பிடித்தவர்கள், அது தொலைந்தால் கேட்கக் கூடாது. தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. ஒன்பதாம் கூடுமிடத்தைச் சேர்ந்தவர்களுக்கு ‘ஊர்க்காரர்கள்’ என்றும் மற்றவர்களுக்கு ‘வெளியூர்க்காரர்கள்’ என்றும் பெயர் வந்தது. ஊர்க்காரர்கள் காலையிலும் மாலையிலும், வெளியூர்க்காரர்கள் நடுப்பகலிலும் உட்காருவது என்று ஒப்பந்தமானது. எந்த இருக்கையில் எந்த அறைக்காரரின் துண்டு கிடக்கிறது என்று தில்லைவனம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு சண்டை வரவில்லை. ஒரு மனிதர் போட்ட துண்டை இன்னொரு மனிதர் தொடவில்லை. கப்பலில் வேறு எந்த விதியும் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படவில்லை என்பதை ஜெனோவா கவனித்தார்.

அவருக்குக் குளிரைப் பற்றிக் கவலை இல்லை. ஆபத்து வந்தால் அந்தப் படகு நூற்று நாற்பத்து நான்கு பெயருள்ள மனிதர்களுக்குச் சொந்தம். அவர்களை முப்பது நிமிடத்துக்குள் தண்ணீரில் சேர்க்க வேண்டியவர் அவர். அந்த இருக்கைகளில் இப்போது வேறு மனிதர்களும், மனிதர்கள் இல்லாதபோது அவர்களுடைய துண்டுகளும் இருந்தன. படகை மேலே தூக்கிக் கட்டிவிட வேண்டும் என்று கேட்பதற்காக அவர் பயணிகள் வசதிக்குப் பொறுப்பான மேலாளர் ஜெயசிம்மனின் அறைக்குப் போனார்.

“மேடம், ஒரு மெஷின் செத்துப் போச்சு,” என்றார் ஜெயசிம்மன். அவர் முன்னால் மூன்று மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. “ரூமுக்குள்ள முப்பத்துமூணு டிகிரி. ஆனா கருத்துப் படிவத்துல குளிர்ச்சிக்கு அஞ்சுக்கு நாலே முக்கால் போட்டிருக்காங்க. இந்தக் கப்பல் கட்டுனதுலேருந்து அவ்வளவு வந்ததில்ல. நீங்க அந்தப் படகைத் தூக்கிக் கட்டினா, ஆயிரத்து நூறு பேரும் இந்த மேஜைக்கு வருவாங்க. நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா?”

“அது உக்கார்ற இடம் இல்ல சார். தப்பிக்கிற இடம்.”

“வெயில்லேருந்து தப்பிக்கிறாங்கல்ல?”

கேப்டன் இருவரையும் கேட்டுவிட்டு, படகு தளத்தின் விளிம்பிலேயே இருக்கட்டும், வேண்டுமானால் இன்னொரு பயிற்சி நடத்திக்கொள்ளுங்கள் என்றார். ஒன்பதாம் தேதி, நடுப்பகலில், ஜெனோவா நடத்தினார். ஊர்க்காரர்கள் ஒன்பது நிமிடத்தில் ஜாக்கெட்டோடு வந்துவிட்டார்கள். உள்ளே வெளியூர்க்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் பயிற்சி என்று கேள்விப்பட்டதும் எழுந்து, தப்பாமல் தங்கள் துண்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். ஊர்க்காரர்கள் உள்ளே போய்த் துண்டுகளைப் பார்த்துவிட்டு நடைவழியில் நின்றார்கள். எல்லோரும் உட்கார நாற்பத்தேழு நிமிடம் ஆனது.

“சார், ஒரு விதி எழுதுங்க,” என்றார் ஜெனோவா தில்லைவனத்திடம். “அலாரம் அடிச்சா எந்தத் துண்டும் செல்லாது. அவ்வளவுதான்.”

தில்லைவனம் பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மூடினார். “அப்படி ஒரேயடியா எழுதினா மொத்தக் கட்டும் போயிடும்மா. நாளைக்கே எவனாவது அலாரம் அடிச்ச மாதிரி கேட்டுச்சுன்னு சொல்லிக்கிட்டு உக்காருவான். பஸ் ஸ்டாண்டுல பாக்காததா?”

“உண்மையா அடிச்சா?”

“உண்மையா அடிச்சா யாரு வேணாம்னு சொல்லப் போறாங்க? ஒரு வார்த்தை கேட்டுட்டு உக்காந்தா முடிஞ்சுது. அதையே எழுதிடறேன்.”

“கேக்க நேரம் இருக்காது சார்.”

“நான் இருக்கேன்லம்மா. எந்தத் துண்டு யாருதுன்னு நோட்டுல இருக்கு. நான் ஒரு ஆளே போய்க் கேட்டுட்டு வந்துடுவேன்.”

பக்கத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த மங்கையர்க்கரசி, “எழுதிக்கட்டும் விடும்மா,” என்றார். “ரிட்டையர் ஆனதுக்கப்புறம் இப்பத்தான் மனுஷன் நேரத்துக்குத் தூங்குறாரு.”

அன்று மாலை கதவருகே இருந்த தாளில் பன்னிரண்டாவது விதி சேர்ந்தது: ஆபத்துக் காலங்களில், துண்டுக்கு உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு அமரலாம். ஜெனோவா அதைப் படித்துவிட்டு, எழுதியவர் பார்க்கும்போதே கிழித்தார். பத்தாம் தேதி காலையில் அதே விதி, அதே கையெழுத்தில், வேறொரு தாளில் அங்கே இருந்தது.

மே பத்தாம் தேதி பிற்பகல் ஒன்று இருபதுக்கு, இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை விட்டுத் திரும்பும் வழியில், கரை எந்தப் பக்கமும் தெரியாத கடலில், இரட்டிப்பாக உழைத்துக்கொண்டிருந்த இரண்டாவது குளிரூட்டும் இயந்திரம் தீப்பிடித்தது. தீ அடுத்த அறையில் இருந்த எண்ணெய்க் குழாய்க்குப் போனது. ஏழு தடவை சிறிதாகவும் ஒரு தடவை நீளமாகவும் சங்கு ஒலித்தது. ஒன்பதாம் கூடுமிடத்துக்காரர்கள் நூற்று நாற்பத்து நான்கு பேரும் எட்டாவது நிமிடத்தில், ஜாக்கெட்டைச் சரியாக மாட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் தள்ளாமல் வந்து நின்றார்கள். அது வெளியூர்க்காரர்களின் சாப்பாட்டு நேரம். அவர்கள் சங்கு கேட்டதும் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து நேராகக் கப்பலின் மறுபக்கத்துக் கூடுமிடங்களுக்குப் போய்விட்டார்கள். படகில் ஓர் ஆள்கூட இல்லை. நூற்று நாற்பத்து நான்கு இருக்கைகளிலும் துண்டு கிடந்தது. அதில் ஊர்க்காரர்களுடையது பதின்மூன்று.

“உள்ள போங்க, போய் உக்காருங்க!”

பதின்மூன்று பேர் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் நடைவழியிலும் வாசலிலும் நின்றார்கள். ஐந்தாம் தளத்தின் பின்முனையில் புகை கறுப்பாக எழுந்தது.

“ஏன் நிக்கிறீங்க?”

“துண்டு கெடக்கும்மா.”

“எடுத்துப் போட்டுட்டு உக்காருங்க!”

“அது எப்படிம்மா, அவங்க வந்து கேட்டா?”

“அவங்க வர மாட்டாங்க! அவங்களுக்கு வேற படகு!”

“அதை அவங்க வாயால சொல்லணும்ல?” என்றார் ஒரு பெரியவர், புகையைப் பார்த்துக்கொண்டே, மரியாதை குறையாமல்.

தில்லைவனம் தன் இடத்திலிருந்து எழுந்தார். தன் துண்டை, பச்சைக் கரை போட்டது, மடித்து இருக்கையின் மேல் வைத்தார். நோட்டை எடுத்துக்கொண்டார். “எல்லாம் அந்தப் பக்கம்தான் நிப்பாங்க. பத்து, பன்னெண்டு, பதினாலு. மூணு எடம். அஞ்சு நிமிஷத்துல கேட்டுட்டு வந்துடறேன். நீங்க எல்லாரும் உக்கார்ற மாதிரி நெருங்கி நில்லுங்க.” ஜெனோவா அவர் கையைப் பிடிப்பதற்குள் அவர் படகை விட்டு இறங்கி, குறுக்கு வழியில் புகுந்து, ஓட்டமும் நடையுமாக மறுபக்கம் போய்விட்டார். அலாரம் ஒலித்துப் பத்தாவது நிமிடம்.

ஜெனோவா சேசடிமையைப் பார்த்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் புகுந்து, துண்டுகளையும் கைக்குட்டைகளையும் ஜோடிச் செருப்புகளையும் அள்ளி வாசல் வழியாகக் கடலில் எறியத் தொடங்கினார்கள். பெரியவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். யாரோ, “பாவம், புதுத் துண்டு,” என்றார்கள். சேசடிமை நிமிர்ந்து, “எய்யா, துண்டுக்காரன் கேட்டா சேசடிமை எறிஞ்சான்னு சொல்லும், ஊரு தூத்துக்குடி, வீட்டுக்கு வந்து வாங்கிக்கிடட்டும், இப்ப உக்காரும்!” என்று கத்தினார். பொறுப்பேற்க ஓர் ஆள் பெயரும் ஊரும் சொன்ன பிறகு கூட்டம் இளகியது. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். இருபத்தோராவது நிமிடத்தில் ஜெனோவா எண்ணினார். நூற்று நாற்பத்து மூன்று. மங்கையர்க்கரசிக்குப் பக்கத்து இருக்கையில் மட்டும் பச்சைக் கரைத் துண்டு மடித்தபடி இருந்தது. அதை ஜெனோவாவும் எறியவில்லை, சேசடிமையும் எறியவில்லை.

எல்லாப் படகுகளையும் இறக்கும்படி ஒலிபெருக்கியில் கேப்டனின் குரல் வந்தது. தளத்தின் விளிம்பிலிருந்து கம்பி ஓடிப் படகு நீரைத் தொட இரண்டு நிமிடம் ஆகும். ஜெனோவா வாசலில் நின்று குறுக்கு வழியைப் பார்த்தார். இருபத்து மூன்று. குறுக்கு வழியில் புகை நிறைந்தது. வயர்லெஸ்ஸில் மறுபக்கத்தைக் கூப்பிட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். இருபத்தைந்து. இருபத்தாறு. குளிரில் உட்கார்ந்திருந்த நூற்று நாற்பத்து மூன்று பேரின் மூச்சும் வெள்ளையாக எழுந்து கூரையில் படர்ந்தது. அவர்கள் எல்லோரும் ஜெனோவாவைப் பார்த்தார்கள். ஜெனோவா மங்கையர்க்கரசியைப் பார்த்தார்.

“என்னைப் பாத்துக்கிட்டு நிக்காதம்மா,” என்றார் மங்கையர்க்கரசி. “எறக்கு. முப்பத்தோரு வருஷம் வண்டியை நேரத்துக்கு வெளிய அனுப்புன மனுஷன். தனக்காக ஒரு வண்டி நின்னுச்சுன்னா அவருக்கே பிடிக்காது.”

இருபத்தெட்டாவது நிமிடத்தில் ஜெனோவா கதவைச் சாத்திக் கையைக் காட்டினார். முப்பதாவது நிமிடத்தில் ஒன்பதாம் படகு கடலைத் தொட்டது.

பதினான்கு படகுகளும் கப்பலிலிருந்து விலகிக் கடலில் மிதந்தன. தீ கப்பலின் பின்பகுதியை ஐந்து மணிவரை எரித்துவிட்டுத் தானாக அடங்கியது. மூடிய படகுகளின் கூரையில் வெயில் இறங்கியது. மற்றப் படகுகளில் நாற்பத்தாறு, நாற்பத்தேழு டிகிரி இருந்ததாகப் பின்னால் எழுதப்பட்டது. சட்டையைக் கழற்றிப் பிழிந்து முகத்தில் போட்டுக்கொண்டார்கள், குடிநீர்ப் பொட்டலங்களை வரிசையில் வாங்கி வரிசையில் குடித்தார்கள். ஒன்பதாம் படகில் போர்வையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நாலு பேர் தும்மினார்கள். ஒலிபெருக்கி இரண்டு தெரு தள்ளிக் கரகரத்துக்கொண்டே இருந்தது. கால் நீட்ட இடமில்லாமல் ஒருவர் முழங்காலில் ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஐந்து மணி நேரத்தில், காலியாக இருந்த ஒரே இருக்கையில் யாரும் உட்காரவில்லை, காலை வைக்கவில்லை, பையைக்கூட வைக்கவில்லை.

ஆறு நாற்பதுக்கு ஒரு சரக்குக் கப்பல் எல்லோரையும் ஏற்றிக்கொண்டது. கடைசி ஆள் இறங்கியதும் ஒன்பதாம் படகுக்குள்ளும் சித்திரை வந்துவிட்டதாகச் சேசடிமை சொன்னார். கதவைத் திறந்தபோது அனல் அடித்ததாம். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாதம் என்றால் முடியத்தான் செய்யும்.

தில்லைவனம் பன்னிரண்டாம் படகில் இருந்தார். அந்தப் படகில் உட்கார்ந்திருந்த ஒரு பல் மருத்துவர், சரக்குக் கப்பலின் தளத்தில் மங்கையர்க்கரசியைத் தேடி வந்து, நின்றபடியே சொன்னார். மறுபக்கம் மூன்று கூடுமிடங்களிலும் அவர் ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பன்னிரண்டாம் படகின் அதிகாரி, ஓர் இடம் இருக்கிறது என்று அவரைப் பிடித்து உள்ளே தள்ளினார். உள்ளே போன பிறகும் அவர் நோட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, அங்கே இருந்த முப்பத்தாறு துண்டுக்காரர்களிடமும், உங்கள் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார்கள், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக் கேட்டு டிக் அடித்தார். முப்பத்தாறு பேரும் சம்மதித்தார்கள். மூன்றரை மணிக்கு மேல் அவருக்கு வியர்ப்பது நின்றுபோனது. என்னிடம் இருந்த தண்ணீரையெல்லாம் அவர் தலையில் ஊற்றினேன், என்றார் பல் மருத்துவர். நாலு ஐம்பதுக்கு இறந்தார்.

மங்கையர்க்கரசி யாரோ கையில் கொடுத்த காப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜெனோவா வந்து எதிரில் நின்றார்.

“முப்பது நிமிஷம்னு சொன்னீங்களேம்மா,” என்றார் மங்கையர்க்கரசி. “நீங்க கதவைச் சாத்தினப்ப எத்தனை?”

“இருபத்தெட்டு.”

“அப்ப இன்னும் ரெண்டு இருந்துச்சு.”

படகு இறங்க ஆகும் நேரத்தைச் சொல்வதற்கு ஜெனோவா வாயைத் திறந்தார். பிறகு, “இருந்துச்சும்மா,” என்றார்.

மங்கையர்க்கரசி தலையசைத்தார். கரை சேரும்வரை ஜெனோவா இருந்த பக்கம் வரவே இல்லை.

விசாரணைக் குழு நான்கு மாதம் உட்கார்ந்தது. ஆயிரத்து நூற்று எண்பது பயணிகளில் இறந்தவர் ஒருவர். குழு குளிரூட்டும் இயந்திரத்தைப் பற்றி அறுபது பக்கமும், படகை விளிம்பிலேயே வைத்திருந்ததைப் பற்றி மூன்று பக்கமும் எழுதியது. மார்கழியைப் பற்றிச் சாட்சி சொன்ன தொண்ணூற்று நான்கு பேரின் வாக்குமூலங்களை, ஒன்றுக்கொன்று முரண்படவில்லை என்ற குறிப்போடு பின்னிணைப்பில் சேர்த்தது. ஜெனோவா மச்சாது அறிக்கையின் முதல் பக்கங்களைப் படிக்கவில்லை. படகுகளின் நேரப் பட்டியல் இருந்த நாற்பத்திரண்டாம் பக்கத்தை எடுத்தார். பன்னிரண்டாம் படகின் கதவு சாத்தப்பட்ட நேரம், அதாவது தில்லைவனம் அதனுள் உட்கார்ந்த பிறகு, ஒன்று நாற்பத்து நான்கு என்று அதில் இருந்தது. ஒன்பதாம் படகின் கதவு சாத்தப்பட்ட நேரம் ஒன்று நாற்பத்தெட்டு. அந்த ஒரு பக்கத்தை நகலெடுத்து, கடிதம் எதுவும் வைக்காமல், விழுப்புரம் முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். நவம்பர் மூன்றாம் தேதி ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. தி. மங்கையர்க்கரசி என்று கையெழுத்திட்டு வாங்கியிருந்தார்.